விடுபட்ட 67 வரிகள்

கிள்ளானில் ஒரு கோயில் மண்டபத்தில், பழைய தோட்டத்து மக்களின் நினைவு நாளன்று, நான் தயாரித்த பட்டியலைப் படித்தார்கள். 251 பெயர்கள். ஒருவர் மாற்றி ஒருவராக மூன்று பேர் படித்தார்கள். முடிந்து எல்லாரும் சாப்பிடப் போகும்போது ஒரு பெரியவர் என்னிடம் வந்தார். ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பட்டியலுக்கு மூலமான நோட்டுப் புத்தகத்தைக் கொடுத்தவரும் அவர்தான். அவருடைய தகப்பனார் அந்தத் தோட்டத்தில் கிராணியாக இருந்தவர்.

“எல்லாம் நல்லா படிச்சாங்க தம்பி. எங்க அக்கா பேரு மட்டும் வரல.”

“எந்தப் பக்கத்துல இருந்துச்சு ஐயா?”

“பக்கமெல்லாம் ஞாபகம் இல்ல. எட்டு மாசத்துல தவறிப்போச்சு. நான் பொறக்கறதுக்கு முன்னாடி. அப்பா கைப்பட எழுதியிருக்காரு, நான் பாத்திருக்கேன்.”

கோபமாகச் சொல்லவில்லை. கணக்கில் ஒரு காசு குறைகிறது என்பதுபோலத்தான் சொன்னார். நான் “பாக்குறேன் ஐயா” என்றேன். தட்டச்சு செய்தபோது ஒரு வரி விட்டுப்போயிருக்கும் என்றுதான் அப்போது நினைத்தேன்.

விட்டுப்போனது ஒரு வரி அல்ல என்பதும், அதற்குக் காரணம் என் கைப்பிழை மட்டும் அல்ல என்பதும் அன்று இரவு தெரிந்தது. நிரல் எழுதுகிறவர்கள் தினமும் செய்கிற ஒரு சின்ன வேலை இருக்கிறது. பட்டியலில் உள்ள ஒவ்வொன்றையும் வேறொன்றாக மாற்று; மாற்ற முடியாமல் காலியாக வந்ததைத் தள்ளிவிடு. கணினியில் இதற்கு அறுபது ஆண்டுகளுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. கணினி வருவதற்கு முன்பே நம் தோட்டங்களில் இதைக் கையால் செய்துகொண்டிருந்தார்கள். இந்த இரண்டு வரலாறுகளையும் சேர்த்துப் பார்க்க வேண்டிய கட்டாயம் எனக்கு அந்தப் பெரியவரால் வந்தது.

நான் செய்தது

நோட்டுப் புத்தகத்தில் கிராணி தன் சொந்தக் கையெழுத்தில், பல ஆண்டுகளாக, தோட்டத்தில் நேர்ந்த இறப்புகளை எழுதி வைத்திருந்தார். பெயர், தகப்பன் பெயர், வயது, தேதி, சில இடங்களில் காரணம். காய்ச்சல், வயிற்றுப்போக்கு, மரம் விழுந்தது. அந்தத் தோட்டம் இன்று இல்லை. அதன்மேல் கிடங்குகளும் வீடமைப்பும் நிற்கின்றன.

நாங்கள் சிலர் சேர்ந்து அதை வரிக்கு வரி கணினியில் ஏற்றினோம். மொத்தம் 318 வரிகள். பக்கத் தலைப்பு, ஆண்டு, பக்கக் கூட்டுத்தொகை எல்லாமே அதில் வரிகளாக வந்துவிட்டன. அவற்றை நீக்கிவிட்டு மனிதர்களை மட்டும் எடுக்க வேண்டும். கேஎல் சென்ட்ரல் பக்கத்தில் இருக்கும் என் அலுவலகத்தில், சாப்பாட்டு வேளையில், பைத்தான் மொழியில் ஒரு வரி எழுதினேன். தலைப்புக்கும் கூட்டுத்தொகைக்கும் வயது இருக்காது, மனிதருக்கு இருக்கும். ஆகவே ஒவ்வொரு வரியிலிருந்தும் வயதை எடு; வயது கிடைத்தால் வைத்துக்கொள், கிடைக்காவிட்டால் விட்டுவிடு.

318 உள்ளே போய் 251 வெளியே வந்தது. குறையத்தான் வேண்டும் என்று எதிர்பார்த்தேன், குறைந்தது. அதனால் சரிபார்க்கவில்லை.

விட்ட 67 வரிகளைப் பிறகு ஒவ்வொன்றாகப் பார்த்தேன். 24 வரிகள் தலைப்பும் கூட்டுத்தொகையும். 12 வரிகளில் மனிதர்கள் இருந்தார்கள். மை கலைந்தோ, ‘வயது தெரியாது’ என்று எழுதப்பட்டோ, வயது மட்டும் இல்லை. மீதி 31 வரிகளில் வயது தெளிவாக இருந்தது. ‘8 மாதம்’, ‘40 நாள்’, ‘3 மாதம்’. மாதத்தை ஆண்டாக்கும்படி நான் எழுதியிருந்தேன். எட்டு மாதத்தில் முழு ஆண்டு எத்தனை? 0. பைத்தானிடம் ‘கிடைத்தால் வை’ என்று சொன்னால், அது 0-ஐயும் கிடைக்காதது என்றே எடுத்துக்கொள்ளும். ஒரு வயதைத் தாண்டாத குழந்தைகள் அத்தனையும் பட்டியலிலிருந்து போய்விட்டன.

இதன் விளைவு பெயர்கள் விடுபட்டதோடு நிற்கவில்லை. துண்டறிக்கையில் இறந்தவர்களின் சராசரி வயதையும் போட்டிருந்தோம். குழந்தைகள் போனதால் அது கூடிப்போயிருந்தது. மண்டபத்தில் ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, “அந்தக் காலத்துல நம்மாளுங்க பரவால்லாமத்தான் இருந்திருக்காங்க” என்று சொன்னது என் காதில் விழுந்தது. தோட்டத்து வாழ்க்கையின் மிகக் கொடுமையான பகுதியை நீக்கிவிட்டு, அது அவ்வளவு கொடுமை இல்லை என்று என் பட்டியல் சொல்லியிருக்கிறது.

வெற்று நூல்

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று தேடிப்போனால் 1958-இல் போய் நிற்கிறோம். அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஜான் மெக்கார்த்தி லிஸ்ப் என்ற மொழியை உருவாக்கத் தொடங்கிய ஆண்டு அது. பட்டியலைக் கையாள்வது என்பதன் ஆங்கிலச் சுருக்கமே லிஸ்ப். 1960 ஏப்ரலில் வெளியான அவருடைய கட்டுரையில் ‘மேப்லிஸ்ட்’ என்ற செயல் வருகிறது. ஒரு பட்டியலின் வழியாக நடந்து, ஒவ்வோர் இடத்திலும் கொடுத்த வேலையைச் செய்து, விளைவுகளைப் புதிய பட்டியலாகக் கோத்துத் தரும். நூறு உள்ளே போனால் நூறு வெளியே வரும். எதுவும் விடுபடாது.

விடுவதற்கு வழி விரைவிலேயே வந்துவிட்டது. 1962-இல் வெளியான லிஸ்ப் 1.5 கையேட்டில் ‘மேப்கான்’ என்றொரு செயல் இருக்கிறது. இது விளைவுகளை ஒவ்வொன்றாகக் கோக்காது. ஒவ்வொரு விளைவும் ஒரு குட்டிப் பட்டியல் என்று எடுத்துக்கொண்டு ஒன்றன் வாலில் அடுத்ததைக் கட்டும். நிரலர்கள் இதில் ஒரு வசதியைக் கண்டார்கள். ஒன்றை வைத்துக்கொள்ள வேண்டுமா, அது மட்டும் உள்ள ஒற்றைப் பட்டியலைக் கொடு. வேண்டாமா, வெற்றுப் பட்டியலைக் கொடு. பிரிக்ஃபீல்ட்ஸில் துன் சம்பந்தன் சாலைப் பூக்கடையில் சரம் கட்டுவதைப் பார்த்தவர்களுக்கு இது எளிதாகப் புரியும். சின்னச் சின்ன சரங்களை முடிந்து நீளமாக்கும்போது, நடுவில் பூவே இல்லாத வெறும் நூல் ஒன்றைச் சேர்த்து முடிந்தாலும் கடைசியில் சரத்தில் தெரிவது பூக்கள் மட்டும்தான். வெறும் நூல் எத்தனை இருந்தது என்று யாராலும் எண்ண முடியாது.

லிஸ்ப்பில் அந்த வெற்றுப் பட்டியலின் பெயர் ‘நில்’. அதே ‘நில்’ தான் ‘இல்லை, பொய்’ என்ற பதிலுக்கும். ஒன்றும் இல்லாத பட்டியல், எதிர்மறையான பதில், கிடைக்காத விடை மூன்றுக்கும் ஒரே சொல். எழுதுவதற்கு இதைவிட வசதி கிடையாது. பிற்காலத்துச் சிக்கல்கள் பலவற்றுக்கும் விதை இந்த வசதியில்தான் இருக்கிறது.

பைத்தானுக்கு இந்த வழி வந்ததும் லிஸ்ப்பிலிருந்துதான். 1994 ஜனவரியில் வந்த பைத்தான் 1.0-இல் மேப், ஃபில்டர் ஆகிய செயல்கள் சேர்ந்தன. லிஸ்ப் பழகிய யாரோ ஒருவர் அவை இல்லாமல் தவித்து எழுதி அனுப்பியவை என்று, மொழியை உருவாக்கிய கைடோ வான் ரோசம் பின்னாளில் நினைவுகூர்ந்தார். பூஜ்ஜியத்தைப் பொய் என்று கொள்வது 1970-களின் சி மொழியில் ஊறிய வழக்கம். இரண்டும் ஒரே மொழியில் சேர்ந்தன. காலியைத் தள்ளு என்றால் 0-உம் சேர்ந்து போகும்.

இல்லாமையின் வகைகள்

இல்லாததை எப்படி எழுதுவது என்ற கேள்வியைத் தரவுத்தளக்காரர்களும் வேறு பக்கத்திலிருந்து சந்தித்தார்கள். இன்றைய வங்கி, மருத்துவமனை, அரசாங்கப் பதிவு எல்லாவற்றுக்கும் அடிப்படையான உறவுமுறைத் தரவுத்தளத்தை 1970-இல் முன்வைத்தவர் எட்கர் காட். ஐ.பி.எம். நிறுவனத்தின் சான் ஹோசே ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்த ஆங்கிலேயர். அட்டவணையில் நிரப்பப்படாத கட்டத்தைக் குறிக்க ‘நல்’ என்ற அடையாளம் புழக்கத்துக்கு வந்தது. 1986-இல் காட் ஒரு திருத்தம் சொன்னார். இல்லாமை ஒன்றல்ல, இரண்டு. விடை இருக்கிறது, நமக்குத் தெரியவில்லை என்பது ஒன்று. அந்தக் கேள்வியே இங்கே பொருந்தாது என்பது மற்றொன்று. இரண்டுக்கும் தனித்தனிக் குறி வேண்டும் என்றார்.

புழக்கத்தில் இருந்த தரவுத்தள மென்பொருள்கள் அதை ஏற்றுக்கொள்ளவில்லை. ஒரே ‘நல்’ தான் நிலைத்தது. இன்றும் எஸ்.க்யூ.எல். மொழியில் சராசரி கேட்டால், காலிக் கட்டங்களை விட்டுவிட்டு மீதிக்குத்தான் சராசரி போடும்.

காட் சொன்னதை வைத்து என் 67 வரிகளைப் பார்த்தேன். பக்கத் தலைப்புக்கு வயது என்ன என்று கேட்பதே பொருந்தாது. அது 24. வயது இருந்தது, நமக்குத் தெரியவில்லை. அது 12. மீதி 31-இல் இல்லாமையே இல்லை. வயது தெரியும், அது ஓர் ஆண்டுக்குக் குறைவு. ஒன்றோடொன்று சம்பந்தம் இல்லாத மூன்றையும் ஒரே குப்பைத் தொட்டியில் போட்டிருக்கிறேன்.

இதே காலத்தில் இன்னொரு கிளையும் வளர்ந்தது. 1965-இல் ஆல்கால் டபிள்யூ மொழியை வடிவமைத்தபோது டோனி ஹோர், எதையும் சுட்டாத சுட்டியை அதில் அனுமதித்தார். செய்வதற்கு எளிதாக இருந்தது என்பதே காரணம். 2009-இல் லண்டனில் பேசும்போது அதைத் தன்னுடைய நூறு கோடி டாலர் தவறு என்று அவரே ஒப்புக்கொண்டார். எடின்பரோவில் ராபின் மில்னரும் அவர் குழுவினரும் 1970-களில் உருவாக்கிய எம்.எல். மொழியின் குடும்பத்தில் இதற்கு மாற்று வழி பிறந்தது. விடை எப்போதும் ஒரு டப்பாவுக்குள் வரும். டப்பாவில் பொருள் இருக்கலாம், காலியாகவும் இருக்கலாம். உள்ளே 0 இருக்கும் டப்பாவும் காலி டப்பாவும் வேறு வேறு. இரண்டையும் குழப்பினால் மொழியே அனுமதிக்காது.

இந்தக் குடும்பத்தைச் சேர்ந்த ஹாஸ்கெல் மொழியில், நான் செய்த வேலைக்கு ‘மேப்மேபி’ என்று பெயர். ஒவ்வொன்றையும் மாற்று, காலி டப்பாவாக வந்தவற்றை விட்டுவிட்டு மற்ற டப்பாக்களைத் திறந்து உள்ளிருப்பதை எடு. இன்று அநேகமாக ஒவ்வொரு மொழியிலும் இதற்கு ஒரு பெயர் உண்டு. கோட்லினில் ‘மேப்நாட்நல்’. குளோஜரில் ‘கீப்’. ஸ்விஃப்டில் முதலில் வேறொரு செயலோடு பெயரைப் பகிர்ந்துகொண்டிருந்து, குழப்பம் அதிகமானதால் 2018-இல் ‘கம்பேக்ட்மேப்’ என்று மாற்றினார்கள். ரூபியில் 2019 கிறிஸ்துமஸ் அன்று வந்த 2.7 பதிப்பில் ‘ஃபில்டர்மேப்’ சேர்ந்தது.

பெயர்களைப் போலவே எதைத் தள்ளுவது என்பதிலும் இவை ஒன்றுபோல் இல்லை. ரூபியில் 0 பொய்யாகாது. நில்லும் பொய்யும் மட்டும் போகும். குளோஜரின் ‘கீப்’ பொய்யைக்கூட வைத்துக்கொண்டு நில்லை மட்டும் விடும். நான் பைத்தானுக்குப் பதிலாக ரூபியில் எழுதியிருந்தால் அந்த 31 குழந்தைகள் பட்டியலில் இருந்திருப்பார்கள். வயது தெரியாத 12 பேர் எந்த மொழியிலும் இருந்திருக்கமாட்டார்கள். அவர்களைத் தள்ளச் சொன்னது நான். அதை மொழியின் தலையில் கட்ட முடியாது.

பெரட்டுக் களம்

கிராணியின் வேலை என்ன என்று பெரியவரிடம் கேட்டேன். சின்ன வயதில் தகப்பனாரோடு விடியற்காலையில் எழுந்து போனதை அவர் சொன்னார். பெரட்டுக் களத்தில் ஆட்கள் வரிசையாக நிற்பார்கள். கிராணி செக்ரோலைத் திறந்து பேர் கூப்பிடுவார். ஆள் இருந்தால் கட்டத்தில் ஒரு கோடு. இல்லாவிட்டால் வெறும் கட்டம். மாதக் கடைசியில் கோடுகள் கூலியாக மாறும். கோடே இல்லாதவர் பேர் கூலிப் பட்டியலுக்குப் போகாது.

நான் எழுதிய வரியும் இதுவும் ஒன்றுதான். ஒவ்வொருவரையும் கூலியாக மாற்று, காலியாக வந்தவரை விடு. இலங்கை மலையகத் தோட்டங்களில் ஒரு நாள் உழைப்புக்கே ‘பேர்’ என்றுதான் சொல்வார்கள். பாதி நாள் வேலைக்கு ‘அரைப் பேர்’. உழைப்பு பதிவானால்தான் பேர் உண்டு என்பது அங்கே பேச்சு வழக்காகவே ஆகிவிட்டது.

செக்ரோல் தன் வேலையைச் சரியாகவே செய்தது. அன்று வராதவருக்குக் கூலி இல்லை என்பது தோட்டத்துக் கணக்கு, அதற்கு அந்த வடிகட்டல் போதும். ஆனால் கூலிக்காக வடிகட்டிய பட்டியலைப் பிறகு யாரோ எடுத்து, தோட்டத்தில் வாழ்ந்தவர்களின் பட்டியல் என்று வைத்துக்கொண்டால் என்ன ஆகும்? லயத்தில் படுத்திருந்த நோயாளி அதில் இல்லை. வேலைக்குப் போகாத கிழவி இல்லை. தொட்டிலில் கிடந்த குழந்தை எந்த நாளும் அதில் இருந்ததில்லை. என் பட்டியலுக்கும் இதுவே நேர்ந்தது. வயதை வைத்துத் தலைப்புகளை நீக்கியது தவறில்லை. அப்படி நீக்கிய பட்டியலை இறந்தவர்களின் பட்டியல் என்று மண்டபத்தில் படித்தது தவறு.

மலேசியத் தமிழர்களுக்கு இது வெறும் கணக்கு விஷயம் இல்லை. சயாம் மரண ரயிலை நினைத்தால் போதும். 1942-43-இல் ஜப்பானிய ராணுவம் தாய்லாந்துக்கும் பர்மாவுக்கும் இடையே சுமார் 415 கிலோமீட்டர் நீளத்துக்கு அந்தப் பாதையைப் போட்டது. 60,000-க்கும் மேற்பட்ட நேச நாட்டுப் போர்க்கைதிகள் அதில் வேலை செய்தார்கள். அவர்களைவிடப் பல மடங்கு அதிகமாக ஆசியத் தொழிலாளர்களும் இருந்தார்கள். மலாயாவிலிருந்து கொண்டுபோகப்பட்டவர்களில் பெரும்பாலோர் தோட்டத்துத் தமிழர்கள். ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’, அ. ரெங்கசாமியின் ‘நினைவுச் சின்னம்’ நாவல்களைப் படித்தவர்களுக்கு அந்தக் காடு புதிதல்ல.

காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் தரும் கணக்கின்படி, சுமார் 13,000 போர்க்கைதிகள் பாதை நெடுகிலும் இறந்து புதைக்கப்பட்டார்கள். அதே ஆணையம், இறந்த பொதுமக்கள் 80,000 முதல் 1,00,000 வரை இருக்கலாம் என்கிறது. அந்த இரண்டு எண்களுக்கும் இடையிலான 20,000-ஐ மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். இறந்த போர்க்கைதிகள் எல்லாரையும் சேர்த்தாலும் அதைவிடக் குறைவு. நம்முடைய கணக்கில் தோராயமாக விட்ட இடைவெளியே அவர்களுடைய மொத்தக் கணக்கைவிடப் பெரிது.

இது எப்படி நேர்ந்தது என்பதற்கு விடை பட்டியலில்தான் இருக்கிறது. போர்வீரர்களுக்குப் படைப்பிரிவின் பெயர்ப் பட்டியல் இருந்தது. சிறை முகாம்களில் அதிகாரிகள் ஒளித்து வைத்துக் குறிப்பெழுதினார்கள். போர் முடிந்ததும், 1945 செப்டம்பரிலேயே, ஒரு குழு பாதை நெடுகிலும் போய் 10,000-க்கும் மேற்பட்ட கல்லறைகளைக் கண்டுபிடித்துப் பதிவு செய்தது. காஞ்சனபுரியில் மட்டும் ஏறக்குறைய 7,000 பேருக்கு இன்று கல் இருக்கிறது. தோட்டத்திலிருந்து லாரியில் ஏற்றப்பட்டவனுக்கு அப்படி ஒரு பட்டியல் கிடையாது. அவன் பேர் இருந்த இடம் செக்ரோல். அதிலும் அவன் போன நாளிலிருந்து வெறும் கட்டம்தான்.

அதே கல்லறை ஆணையம் இன்னொன்றும் செய்திருக்கிறது. அடையாளம் தெரியாத உடலுக்கும் கல் வைத்தார்கள். ஒரு போர்வீரன், இவன் யாரென்று இறைவனுக்குத் தெரியும் என்ற பொருளில் அதில் பொறித்திருக்கும். அந்த வாசகத்தைக் கொடுத்தவர் ருட்யார்ட் கிப்லிங். காட் சொன்ன முதல் வகை இல்லாமை இதுதான். ஆள் உண்டு, விவரம் தெரியவில்லை. பெயர் காலியாக இருந்தாலும் வரியை நீக்கவில்லை. உடலே கிடைக்காதவர்களின் பெயர்களைச் சிங்கப்பூர் கிராஞ்சியில் சுவரில் எழுதினார்கள், 24,000-க்கும் மேல். காலியை எப்படி வைத்துக்கொள்வது என்று அவர்களுக்கு நன்றாகவே தெரிந்திருந்தது.

ஆனால் எல்லாருக்கும் அப்படிச் செய்யவில்லை. முதல் உலகப்போர் பற்றி அந்த ஆணையமே அமைத்த சிறப்புக் குழு 2021 ஏப்ரலில் அறிக்கை தந்தது. பெரும்பாலும் ஆப்பிரிக்காவையும் மத்தியக் கிழக்கையும் சேர்ந்த குறைந்தது 1,16,000 பேர், ஒருவேளை 3,50,000 பேர் வரை, பெயர் சொல்லியோ அல்லது எந்த வகையிலுமோ நினைவுகூரப்படவில்லை என்று அது ஒப்புக்கொண்டது. ஆணையம் அதற்கு மன்னிப்பும் கேட்டது. யாருடைய காலியை வைத்துக்கொள்வது, யாருடையதைத் தள்ளுவது என்பது தொழில்நுட்பம் தீர்மானித்த விஷயம் அல்ல.

இரண்டாவது பட்டியல்

என் வரியைத் திருத்துவது பத்து நிமிட வேலை. காலியைத் தள்ளுவதற்குப் பதிலாக, தள்ளியவற்றை இன்னொரு பட்டியலில், தள்ளிய காரணத்தோடு, போடச் சொல்லலாம். ஹாஸ்கெலில் ‘பார்ட்டிஷன்ஈதர்ஸ்’ என்றும் 2019-இல் வந்த ஸ்காலா 2.13-இல் ‘பார்ட்டிஷன்மேப்’ என்றும் இதற்கு ஆயத்தச் செயல்கள் உண்டு. ஒரு பட்டியல் உள்ளே போகும், இரண்டு வெளியே வரும். இரண்டையும் கூட்டினால் உள்ளே போன எண் வர வேண்டும். பைத்தானில் இதைக் கையால் நாலைந்து வரிகளில் எழுதினேன். வயதை ஆண்டாக்குவதையும் விட்டுவிட்டேன். நோட்டில் ‘40 நாள்’ என்று இருந்தால் 40 நாள் என்றே இருக்கட்டும்.

தள்ளுவதே கூடாது என்று நான் சொல்லவரவில்லை. தள்ளாமல் எந்தப் பட்டியலும் பயன்படாது. பக்கத் தலைப்பையும் கூட்டுத்தொகையையும் மண்டபத்தில் படிக்க முடியாது. தள்ளியது எவ்வளவு, ஏன் என்று பிறகு ஒருவர் வந்து கேட்டால் காட்டுவதற்கு ஏதாவது இருக்க வேண்டும், அவ்வளவுதான். பெரியவர் வந்து கேட்டபோது என்னிடம் காட்ட ஒன்றும் இல்லை. அவருக்கு அக்காவின் நினைவு இருந்ததால் கேட்டார். மற்ற 42 பேருக்காகக் கேட்க அந்த மண்டபத்தில் யாரும் இல்லை.

திருத்திய பட்டியலை எடுத்துக்கொண்டு ஒரு சனிக்கிழமை கொமுட்டரில் கிள்ளானுக்குப் போனேன். கோலாலம்பூரையும் கிள்ளானையும் இணைத்து 1886-இல் திறந்த பாதையின் வழித்தோன்றல் அது. பெரியவர் வீட்டு முன்கூடத்தில் உட்கார்ந்து 43 பெயர்களையும் மெதுவாகப் பார்த்தார். அக்காவின் பேரில் விரலை வைத்தார். அதை எங்கேயும் எழுத வேண்டாம், கோயிலில் படித்தால் போதும் என்று சொன்னதால் இங்கே எழுதவில்லை.

ஒரு சந்தேகம் பாக்கி இருந்தது. குழந்தைகளில் இரண்டுக்குப் பெயரே இல்லை. பேர் வைப்பதற்கு முன்பே இறந்தவை. பெயர்க் கட்டத்தில் கிராணி ஒரு கோடு போட்டுவிட்டு, அடுத்த கட்டத்தில் தகப்பன் பெயரை மட்டும் எழுதியிருக்கிறார். வயதை வைத்து நீக்காமல் பெயரை வைத்து நீக்கியிருந்தால் இந்த இரண்டும் அப்போதும் போயிருக்கும்.

“இத எப்படிப் படிக்கிறது ஐயா? பேரில்லாத குழந்தைன்னு படிக்கலாமா?”

கொஞ்ச நேரம் யோசித்தார்.

“ஐ.சி.யில நம்ம பேருக்குப் பின்னால என்ன போடறான்? இன்னாரு மகன், இன்னாரு மகள்னுதானே. அப்பன் பேரு இருக்குல்ல. அதச் சொல்லி மகன்னு படிங்க, மகள்னு படிங்க. போதும்.”

அப்படியே படித்தார்கள். இப்போது அந்தப் பட்டியலில் 294 வரிகள் இருக்கின்றன. கோப்பின் கடைசியில், நான் விட்ட 24 வரிகளும், எதற்காக விட்டேன் என்ற குறிப்போடு இருக்கின்றன. கூட்டினால் 318.